முகம் கோணினால் பலூன் ஊதலாமா?

ஒரு நாள் காலை, சின்னம்மா பல் விளக்கி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலப்பக்க உதட்டோரமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தால் வாய் இடப்பக்கமாக இழுபட்டு நிற்கிறது, வலக்கண் மூட மறுக்கிறது. முதல் நாள் இரவுதான் கொழும்பிலிருந்து ஏசி பஸ்ஸில் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை முழுக்க ஒரே தீர்ப்புத்தான்: "பிள்ளைக்குக் காத்துப் பட்டிட்டுது." தீர்ப்போடு வைத்தியமும் வந்தது. பலூன் ஊது, சுவிங்கம் சப்பு, கண்ணை இறுக்கி இறுக்கி மூடு, பல்லெல்லாம் தெரியச் சிரி.

சின்னம்மா சொன்ன பேச்சைத் தட்டாதவர். இரண்டு கிழமை விடாமல் பலூன் ஊதினார். பிறகு இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவில் ஒரு இளம்பிள்ளை அவரைக் கண்ணாடிக்கு முன்னால் இருத்தி, "அம்மா, பலத்தைக் காட்ட வேண்டாம். ஒரு நெல்லுமணி அளவு அசைஞ்சால் காணும்" என்றாள். அந்த ஒரு வசனத்துக்குள் முகப்பயிற்சியின் முழு விஷயமும் இருந்தது என்பது எனக்கு விளங்கப் பல மாதம் எடுத்தது. அதை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

அதற்கு முன் அவசரமான ஒன்று. திடீரென்று முகம் கோணினால் முதலில் கேட்க வேண்டியது பயிற்சி என்ன என்பதல்ல. இது பாரிசவாதமா, இல்லையா என்பதுதான். இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு கை தாழ்கிறதா? ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்கள், நாக்குக் குழறுகிறதா? நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள். நெற்றியின் மேற்பகுதிக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் பாரிசவாதத்தில் ஒரு பாதி பழுதானாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும், வாய் மட்டும் கோணும். முகத்துக்கு வரும் நரம்பே பழுதானால் நெற்றி, கண், வாய் மூன்றும் அந்தப் பக்கம் சோர்ந்துவிடும். ஆனால் இந்தச் சோதனையை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். எந்தப் பக்கம் எப்படிக் கோணினாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கை கால் சோர்வும் பேச்சுக் குழறலும் சேர்ந்திருந்தால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போடப்பட வேண்டியது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்கும் நேரம் அதற்குள் போய்விடும்.

சின்னம்மாவுக்கு வந்தது பாரிசவாதம் அல்ல, பெல்ஸ் வாதம். 1821 இல் முகத்து நரம்பைப் பற்றி விரிவாக எழுதிய ஸ்கொட்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் சார்ள்ஸ் பெல்லின் பெயரில் வழங்குவது. மூளையிலிருந்து நேரே புறப்படும் 12 சோடி நரம்புகளில் ஏழாவது இந்த முகத்து நரம்பு. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குகை போன்ற வழியால் வந்து, காதின் கீழே வெளிப்பட்டு, விசிறி போல முகமெங்கும் பிரிகிறது. அந்த எலும்புக் குகை ஓரிடத்தில் ஒரு மில்லிமீற்றரைவிட ஒடுங்கியது. நரம்பு வீங்கினால் வீக்கத்துக்குப் போக இடமில்லை, தன்னைத்தானே நெரித்துக்கொள்கிறது. வீக்கத்துக்குக் காரணம், உடலில் உறங்கிக் கிடந்த ஒரு ஹேர்ப்பிஸ் வைரஸ் மறுபடி தலைதூக்குவது என்பதுதான் இன்றைக்குப் பரவலாக ஏற்கப்படும் கருத்து. பஸ் ஏசிக் காற்றின் மேல் நாங்கள் போட்ட பழி நிரூபணமானதல்ல. நீரிழிவு உள்ளவர்களுக்கும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருப்பவர்களுக்கும் இது வரும் வாய்ப்புக் கூட.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பேச்சில் நரம்பு என்றால் எல்லாம்தான். கையில் நீலமாகத் தெரியும் இரத்தக்குழாயும் நரம்பு, கழுத்தில் புடைப்பதும் நரம்பு. இங்கே நான் சொல்லும் நரம்பு மூளையின் கட்டளையைக் கொண்டுபோகும் வயர். தசை என்பது அந்தக் கட்டளையைக் கேட்டுச் சுருங்கும் இறைச்சி. வயரில் பழுதா, இறைச்சியில் பழுதா, கட்டளை போடும் இடத்தில் பழுதா என்பதைப் பொறுத்துப் பயிற்சி தலைகீழாக மாறும். 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அந்த மண்ணிலிருந்துகொண்டு இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில்தான் விளங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டியதில்லை.

சரி, தசைக்கு வருவோம். கைகால் தசைகள் எலும்பிலிருந்து எலும்புக்கு ஓடுபவை. முகத்துத் தசைகள் பெரும்பாலும் எலும்பில் தொடங்கித் தோலில் போய் முடிகின்றன. அதனால்தான் அவை சுருங்கும்போது தோல் அசைந்து சிரிப்பாகவும் கோபமாகவும் தெரிகிறது. கண்ணைச் சுற்றி ஒரு வளையம், வாயைச் சுற்றி ஒரு வளையம், கன்னத்து எலும்பிலிருந்து வாயோரத்துக்குச் சரிவாக இறங்கும் சிரிப்புத் தசை, கன்னத்தின் உட்சுவராக ஒன்று. அந்தக் கன்னத் தசைக்கு இலத்தீனில் எக்காளம் ஊதுபவன் என்று பொருள்படும் பெயர். இணுவிலிலும் அளவெட்டியிலும் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது ஏனென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஊதுவது மட்டுமல்ல அதன் வேலை. சோற்றைக் கன்னத்துக்குள் ஒதுங்க விடாமல் திரும்பத் திரும்பப் பல்லுக்கு இடையில் தள்ளுவதும் அதுதான். அது சோர்ந்தால், சாப்பிட்டு முடித்த பிறகும் கன்னத்துக்குள் சோறு நிற்கும்.

முகத்துத் தசைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினாலும் கை எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தசைக்குள் இருக்கும் நுண்ணிய உணரிகள் நீளத்தை அளந்து மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. முகபாவத் தசைகளில் அந்த உணரிகள் இல்லாத குறை. தன் முகம் இப்போது எவ்வளவு அசைந்தது என்பது மூளைக்குச் சரியாகத் தெரியாது. புகைப்படத்தில் எங்கள் சிரிப்பைப் பார்த்து நாங்களே திடுக்கிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். முகப்பயிற்சியில் கண்ணாடி வைப்பது இதற்காகத்தான். தசை சொல்லாத செய்தியைக் கண் சொல்கிறது. கண்ணாடி இல்லாமல் செய்யும் முகப்பயிற்சி பெரும்பாலும் நல்ல பக்கத்துக்குத்தான் போய்ச் சேரும்.

இனிப் பலூன். பலூன் ஊத முழுப் பலத்தையும் போட வேண்டும். பலம் போடும்போது யார் வேலை செய்கிறார்கள்? நல்ல பக்கம்தான். அது மேலும் மேலும் இழுக்கப் பழகுகிறது, சோர்ந்த பக்கம் காற்றில் உப்பிப் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. கோணல் கூடித் தெரியும். இது முதல் கெடுதி.

இரண்டாவது கெடுதி மெதுவாக வருவது, ஆனால் நீடிப்பது. நெரிபட்ட நரம்பு இலேசாகத்தான் பழுதாகியிருந்தால் சில கிழமைகளில் தானே எழும்பிவிடும். எந்த வைத்தியமும் செய்யாவிட்டால்கூடப் பத்துப் பேரில் ஏழு பேர் அளவுக்குப் பூரணமாகச் சுகமாகிறார்கள். தொடங்கி 72 மணித்தியாலத்துக்குள் வைத்தியர் வீக்கத்தைத் தணிக்கும் பிரெட்னிசொலோன் மாத்திரை தொடங்கினால் அந்த வாய்ப்பு இன்னும் கூடுகிறது. எஞ்சியவர்களில் நரம்பின் இழைகள் அறுந்து, நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் புதிதாக வளர்ந்து வருகின்றன. அப்படி வளரும்போது வழி மாறிப்போகும். வாய்க்குப் போக வேண்டிய இழை கண்ணுக்குப் போய்விடும். நாலைந்து மாதம் கழித்துச் சிரித்தால் கண் சுருங்கும், கண்ணைச் சிமிட்டினால் வாயோரம் துடிக்கும். உமிழ்நீர்ச் சுரப்பிக்கான இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போனால் சாப்பிடும்போது கண்ணீர் வரும். முழுப் பலத்தோடு முகத்தைச் சுருக்கும் ஒவ்வொரு முறையும் மூளை எல்லாத் தசைக்கும் ஒன்றாகக் கட்டளை போடுகிறது. இந்தத் தவறான கூட்டு அப்படித்தான் பழக்கமாக உறுதிப்படுகிறது. சுவிங்கம், இறுக்கிக் கண் மூடுதல், பல் தெரியச் சிரித்தல் எல்லாமே இந்த வகைதான். சில இடங்களில் பலூன் ஊதச் சொல்லும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. முகத்துக்கென்றே பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்தான்.

அப்படியானால் என்ன செய்வது? முதல் கிழமைகளில், முகம் துளியும் அசையாத காலத்தில், செய்ய வேண்டியது பயிற்சியைவிடப் பாதுகாப்புத்தான். கண் மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும், பார்வைக்கே ஆபத்து. பகலில் வைத்தியர் தரும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு, படுக்கும்போது இமையைக் கையால் மூடி அதன் மேல் மெல்லிய பிளாஸ்ரர். மாரியில் எங்கள் பக்கம் வீசும் வாடைக்காற்றிலும், வெளியில் புழுதி எழும்பும் வீதியிலும் கண்ணாடி போட்டுக்கொண்டு போக வேண்டும். கண் சிவந்து நொந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். காதருகே கொப்புளம் போட்டுக் கடுமையாக வலித்தாலும் உடனே சொல்லுங்கள். அது கொப்புளிப்பான் (சின்னம்மை) வைரஸால் வரும் வேறொரு வகை, மருந்தும் வேறு.

பயிற்சி என்று இந்தக் காலத்தில் செய்வது இவ்வளவுதான். கை கழுவி, விரல் நுனியால் சோர்ந்த கன்னத்தைக் காதுப்பக்கமாகவும் மேலாகவும் மெதுவாகத் தடவிவிடுவது. நல்ல பக்கத்தையும் மறக்கக் கூடாது, அது இழுத்து இழுத்து இறுகிப்போயிருக்கும், அதைத் தளர்த்திவிட வேண்டும். கதைக்கும்போதும் சிரிக்கும்போதும் நல்ல பக்கத்துக் கன்னத்தில் ஒரு விரலை வைத்து அதன் இழுவையைக் குறைக்கலாம். பிறகு கண்ணாடியைப் பார்த்து, சோர்ந்த வாயோரத்தை விரலால் சிரிப்பின் வழியே சற்றுத் தூக்கிவிட்டு, 'இப்படித்தான் போக வேண்டும்' என்று மனதால் அந்தத் தசையைக் கூப்பிடுவது. அசையவில்லையே என்று மனம் சோரும். கூப்பிட்டுக்கொண்டே இருப்பதும் வேலைதான்.

முதல் அசைவு பெரும்பாலும் இரண்டு மூன்று கிழமைக்குள் தெரியும். அதன் பிறகுதான் பயிற்சி என்று நாம் நினைக்கும் பயிற்சி வரும். வெளிச்சமான இடத்தில் கண்ணாடி வைத்து, முதலில் முகம் முழுவதையும் தளர விட வேண்டும். பல்லைக் கடிக்கக் கூடாது. பிறகு இரண்டு பக்கமும் ஒரே அளவு அசையும் அளவுக்கு மட்டும் ஒரு சின்னச் சிரிப்பு. நல்ல பக்கம் முந்தினால் அந்த இடத்தில் நிறுத்து, திரும்பித் தளர்த்து, இன்னும் சிறிதாகத் தொடங்கு. சின்னம்மாவின் நெல்லுமணி இதுதான். மூன்று எண்ணும் வரை பிடித்து, அதே மெதுவில் விட வேண்டும். ஐந்து முறை போதும். அடுத்து உதட்டை முத்தம் கொடுப்பதுபோலக் குவிப்பது, மூக்கை இலேசாகச் சுருக்குவது, புருவத்தைத் தூக்குவது, உறங்கப்போவதுபோல மெதுவாக இமையைத் தாழ்த்துவது. மொத்தம் பத்து நிமிடம், நாளில் இரண்டு மூன்று வேளை. களைத்தால் நிறுத்த வேண்டும். களைத்த தசைக்குக் கொடுக்கும் கட்டளை பக்கத்துத் தசைக்குப் போகும்.

இரண்டு அசைவு ஒட்டிப்போய்விட்டவர்களுக்கு, அதாவது சிரித்தால் கண் சுருங்குபவர்களுக்கு, வேலை இன்னும் நுணுக்கமானது. கண்ணை அகலமாக, தளர்வாக வைத்துக்கொண்டே, வாயை மிக மெதுவாகக் குவிக்க வேண்டும். கண் சுருங்கத் தொடங்கும் இடம் எதுவோ அதற்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். அந்த எல்லை நாளடைவில் தள்ளிப்போகும். ஒட்டிப்போன அசைவைப் பிரித்துப் பழக்க மாதக்கணக்கு எடுக்கும். மிகக் கடுமையாக இருந்தால் இறுகிய தசையைத் தளர்த்த பொட்டுலினம் ஊசியும் போடுகிறார்கள். ஊசி போட்டுவிட்டுப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

இவற்றுக்கு ஆராய்ச்சிச் சான்று எவ்வளவு? உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். முகவாதத்துக்கான உடற்சிகிச்சைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் 2011 மீளாய்வு, அவரவருக்கென்று வகுத்துச் செய்யும் முகப்பயிற்சி, குறிப்பாக நாள்பட்ட வாதத்தில், உதவக்கூடும் என்றது. அந்தச் சான்று பலமானதல்ல என்பதையும் சேர்த்தே சொன்னது. மின்சாரம் பாய்ச்சித் தசையைத் துடிக்கவைக்கும் சிகிச்சைக்கு நல்ல சான்று கிடைக்கவில்லை. கரண்ட் பிடித்தால்தான் வைத்தியம் என்ற நம்பிக்கை எங்கள் ஆட்களிடம் ஆழமாக உண்டு, கரண்ட் வைக்காவிட்டால் கவனிக்கவில்லை என்று முறையிடுவார்கள். கண்ணாடிக்கு முன்னால் அரை மணித்தியாலம் இருந்து சொல்லித்தருவதுதான் கவனிப்பு.

வாய்க்குத் தமிழே ஒரு நல்ல அளவுகோல். பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் படித்திருப்போம்: பகரமும் மகரமும் இரண்டு உதடும் பொருந்திப் பிறப்பவை, வகரம் மேற்பல்லும் கீழுதடும் சேர்ந்து பிறப்பது, உ, ஊ, ஒ, ஓ இதழ் குவிந்து வருபவை. முகம் சோர்ந்தவருக்கு இடறுவதும் இவைதான். "பாப்பா" என்றால் காற்று ஓரத்தால் போகும், "பூ" குவியாது. மெதுவாக, இரண்டு உதடும் நடுவில் சந்திக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அம்மா, மாமா, பூவரசம்பூ என்று சொல்லிப் பழகலாம். ஆனால் உரக்கக் கத்திச் சொல்வது மறுபடியும் பலூன்தான். சாப்பாட்டில் ஒரு காலத்துக்கு நன்றாக வேகவைத்த சோறு, இடியப்பம், பிட்டுக்குக் கொஞ்சம் கூடச் சொதி. பனங்கிழங்கும் புழுக்கொடியலும் பிறகு. சாப்பிட்டதும் கன்னத்துக்குள் நிற்பதை விரலால் எடுத்து வாய் கழுவ வேண்டும்.

இதுவரை வயர் பழுதான கதை. எங்கள் ஊரில் இதைவிட அதிகம் பேசப்பட வேண்டிய இன்னொரு வாய்க் கதை உண்டு. அதில் நரம்புக்கு ஒன்றும் இல்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலை என்று வருடக்கணக்காகப் போட்டவர்களின் கன்னத்து உட்தோல் வெளிறி, தடித்து, உள்ளே கயிறுபோல இறுகிவிடும். மிளகாய் பட்டால் எரியும், வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும். இதற்கு முக்கிய காரணம் பாக்கு. புகையிலை போடாமல் பாக்கு மட்டும் சப்புகிறவர்களுக்கும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதை இதோடு சேர்த்து வையுங்கள். கலியாண வீட்டு வெற்றிலைத் தட்டை நான் வெறுக்கவில்லை. பாக்குப் பைக்கற்றைப் பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் காணும்போது வயிறு எரிகிறது.

வீட்டில் பார்க்கும் வழி சுலபம். உங்கள் கையின் மூன்று விரலை நிமிர்த்தி அடுக்கி மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு மூன்றும் போகும், அளவில் 35 முதல் 50 மில்லிமீற்றர். இரண்டுதான் போகிறதென்றால் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இங்கே பயிற்சி நேர்மாறானது. முகவாதத்தில் சிறிதாகவும் நுணுக்கமாகவும் அசைத்தோம், இங்கே இறுகிய தோலை நீட்டி, நீட்டியபடி பிடித்திருக்க வேண்டும். சுத்தமான ஐஸ்கிறீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பற்களுக்கு இடையில் எத்தனை போகுமோ அத்தனையை வைத்து 30 செக்கன் பிடிப்பார்கள். ஒரு வேளைக்கு ஐந்து முறை, நாளைக்கு ஐந்து வேளை என்பது பழக்கத்தில் உள்ள ஒரு கணக்கு. இலேசானதும் நடுவில் ஒரு குச்சியைச் செருக வேண்டும். இழுபடும் உணர்வு இருக்கலாம், குத்தும் வலி இருக்கக் கூடாது. ஆடும் பல் இருந்தால் கேட்காமல் செய்யக் கூடாது. பாக்கை நிறுத்தாமல் குச்சி வைப்பது, ஓட்டை வாளியில் கிணற்றுத் தண்ணீர் அள்ளுவது போன்றது.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை எடுத்தவர்களுக்கும் தாடைத் தசை இதே போல இறுகும். தெல்லிப்பழையில் இருக்கும் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011 இல் நாட்டின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடிப் பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து நிதி திரட்டினார்கள். அப்படி எழுந்த இடத்தில் சிகிச்சை எடுத்து வருபவர்கள், வாய் இறுகிய பிறகல்ல, சிகிச்சை தொடங்கும்போதே வாய் திறக்கும் பயிற்சியைக் கேட்டுத் தொடங்க வேண்டும். இறுகிய பிறகு ஒவ்வொரு மில்லிமீற்றரும் போராட்டம்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ழகரமோ ரகரமோ வராத பிள்ளைக்கு விசில் ஊது, ஸ்ட்ரோவால் உறிஞ்சு, நாக்கை மூக்கைத் தொட நீட்டு என்று கொடுப்பது எங்கும் உண்டு. ஒலி திருந்த அந்த ஒலியைத்தான் பழக வேண்டும். ஊதும் பயிற்சி தனியாக நின்று பேச்சைத் திருத்துவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. எப்போதும் வாய் திறந்தபடி மூச்சுவிடும் பிள்ளைக்கு உதட்டை மூடப் பழக்குவதற்கு முன், மூக்குக்குள் சதை வளர்ந்து அடைத்திருக்கிறதா என்று காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் பார்க்க வேண்டும். மூக்கு அடைத்திருக்க வாயை மூடு என்று அதட்டுவது பாவம். பாரிசவாதத்துக்குப் பிறகு விழுங்கும்போது புரையேறுபவர்களுக்கோ வீட்டுப் பயிற்சியே வேண்டாம். பேச்சு, மொழிச் சிகிச்சையாளர் பார்த்து எது, எந்தத் தடிப்பில், எப்படி இருந்து குடிக்கலாம் என்று சொன்ன பிறகுதான் ஒரு மிடறு தேத்தண்ணியும்.

சின்னம்மாவின் முகம் ஏழாம் மாதத்தில் பெருமளவுக்குத் திரும்பியது. முழுமையாக அல்ல. மாங்காய் கடித்தால் வலக்கண் இன்னமும் சற்றுச் சுருங்கும். காலையில் சாமி கும்பிட்டு முடிந்ததும் கைக்கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவார். கண் சுருங்கத் தொடங்கும் இடத்தில் நின்று, தளர்த்தி, மறுபடி தொடங்குவார். போன கிழமை என்னைக் கூப்பிட்டு, "இஞ்ச பார், இப்ப இவ்வளவு மட்டும் வருது" என்று காட்டினார். முன்பு பார்த்ததைவிட ஒரு நெல்லுமணி கூடத்தான்.